தாயத்தும் ஊசியும்

திருத்தங்கல் வட்டாரத்திலே தீப்பெட்டியும் பட்டாசும் செய்து பிழைப்போர் பலர். நாளெல்லாம் தரையில் குந்தியிருந்து உழைப்பவரின் முழங்கால் ஒருநாள் முறையிடத் தொடங்குகிறது. "மூட்டிலே ஓர் ஊசி; தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளர்ந்துவிடும்" என்கிறது ஒரு குரல். கூலி கரைகிறது. வலியும் சிறிது குறைகிறது. "குறைந்தால் போதாதா, கேள்வி எதற்கு?" என்பர் சிலர்.

தோழர்களே, இது நாம் கேட்டுப் பழகிய குரல் அன்றோ? தாயத்துக் கட்டியோரும் இதையேதான் சொன்னார்கள்: "நம்பினான், நலம் பெற்றான், உனக்கென்ன?" பொய்யை நம்பிப் பெறும் ஆறுதல் நன்மையாகுமா? இதுவே நம்முன் நிற்கும் வினா.

குருத்தெலும்பிலே குருதிக் குழாய்கள் இல்லை. ஆதலின் அதன் காயம் எளிதில் ஆறுவதில்லை. அழிந்தது மீள்வதில்லை என்று வில்லியம் ஹண்டர் 1743-இலேயே எழுதினார். ஊசி அதை மாற்றிவிட்டதா? 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்விலே 140 பேர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஈராண்டுக் காலம், ஓர் அணிக்கு ஸ்டீராய்டு, மற்றோர் அணிக்கு வெறும் உப்புநீர். வலியிலே வேறுபாடில்லை, ஸ்டீராய்டு பெற்றோரின் குருத்தெலும்போ கூடுதலாகத் தேய்ந்திருந்தது! 2021-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்விலே 288 பேர். நோயாளியின் குருதியிலிருந்தே பிரித்த பிளாஸ்மா ஊசியும் ஓராண்டு முடிவில் உப்புநீரை வெல்லவில்லை. இரு அணியிலும் வலி குறைந்திருந்தது.

"அப்படியானால் உப்புநீரும் நன்மைதானே செய்தது?" என்று கேட்கலாம். ஆறுதல் மெய், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் குருத்தெலும்பு வளரும் என்று சொல்லிக் காசு வாங்கியது மெய்யா? உண்மையை மறைத்துப் பெற்ற இசைவு இசைவாகாது. ஏழையின் வலிக்கு இரங்குவது அறம்; அவன் அறியாமைக்கு விலை வைப்பது அறமன்று.

அறிவியல் கதவடைத்துவிடவில்லை. பெங்களூரில் உருவான ஸ்டெம் செல் ஊசி ஒன்று, 146 பேரிடம் சோதிக்கப்பட்டு, 2022-இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒப்புதல் பெற்றது. வலி தணிந்தது, ஓராண்டில் குருத்தெலும்பு மேலும் கெடவில்லை என்பதே அதன் முடிவு. புதிதாய் முளைத்தது என்பதன்று. அளந்து சொல்லும் இந்த அடக்கமே அறிவியலை மந்திரத்திலிருந்து பிரிக்கும் கோடு.

எனவே, தாயத்திடம் கேட்ட கேள்விகளை ஊசியிடமும் கேட்போம். எத்தனை பேரிடம் சோதித்தீர்? எதனோடு ஒப்பிட்டீர்? வலி குறையுமா, குருத்தெலும்பே வளருமா? தொடைத் தசைக்குப் பயிற்சியும், மிகுந்த எடையைக் குறைப்பதும் வலியைத் தணிக்கும் என்பது ஆய்வுகள் கண்ட உண்மை. குந்தியே செய்யும் வேலை மூட்டைத் தேய்க்கும் என்பதும் அறிந்ததே. வேலையிடத்திலே உட்கார ஒரு பலகை கேட்போம். ஊசியின் விலையைவிட அது மலிவு!