ஏலி பேசினான், ஆனால் அடக்கவில்லை

நம்ம தமிழ்நாட்டில் 21 வயசு ஆகாதவனுக்கு மதுபானம் விற்கக்கூடாதென்பது சட்டம். பதினாறு வயசுப் பையன் கடைக்குள்ளே போகமாட்டான். வெளியே நிற்கிற யாரோ ஒரு அண்ணனிடம் காசு கொடுத்து வாங்கிவிடுவான். அந்தக் காசு? டியூஷனுக்கென்று நீங்கள் கொடுத்ததுதான்!

ஏலி தன் குமாரரைக் கண்டிக்கவேயில்லை என்று சிலர் பிரசங்கிக்கிறார்கள். அப்படியல்ல. 1 சாமுவேல் 2-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். கேட்டான், புத்தியும் சொன்னான். சொன்னதோடு விட்டுவிட்டான்! அடுத்த அதிகாரத்தில் கர்த்தர் அவன்மேல் வைத்த குற்றம் அதுதான்.

நாமும் அப்படித்தானே? வாசனை வந்த அன்றைக்கு ஒரு கத்து கத்தினோம். மறுநாள், "சபைக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்" என்று மூடி வைத்தோம். அம்மா அப்பாவிடமே மறைத்தாள்.

யோபின் பிள்ளைகள் விருந்துசெய்து குடித்தார்கள். அவனோ அதிகாலமே எழுந்து, ஒவ்வொருவருக்காகவும் பலி செலுத்தினான். நீங்களும் நாலரை மணிக்கு எழும்பி, மகன் பேரைச் சொல்லிக் கண்ணீர்விடுங்கள். ஜெபித்தாயிற்றென்று இருந்துவிடாதிருங்கள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து, யார் வாங்கிக்கொடுத்தது என்று கேளுங்கள். அடிக்கவேண்டாம், அடிபட்டவன் ஒளிக்கத்தான் கற்றுக்கொள்வான். அந்த அண்ணனை அப்பாவே நேரில் போய்ப் பார்க்கட்டும்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு அவனையும் கூட்டிவாருங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் சரி, ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டோம்.