ஐயமற்றவர்கள்

தில்லை நகரின் குறுக்குத் தெரு ஒன்றில்தான் என் பெரியப்பா தம் கடைசி வருஷங்களைக் கழித்தார். எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ தாம் பேசுவதையெல்லாம் எழுதிக்கொள்கிறார்கள் என்று சொல்வார். ஜன்னலைச் சாத்திய பிறகே பேசுவார். மற்ற விஷயங்களில் அவர் புத்தி துல்லியமாகவே இருந்தது. தெரு நெடுக டாக்டர்களின் பெயர்ப் பலகைகள். அவற்றில் ஒன்றுக்குள் அவரை அழைத்துப் போனோம். 'சந்தேக வியாதி' என்று வீட்டில் ஒரு பெயரும் வைத்தோம். அந்தப் பெயரே பிழை என்று இப்போது படுகிறது.

ஐயத்தையும் திரிபையும் நம் பழைய தர்க்கம் தனித்தனியாக வைத்திருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் நிற்பது நட்ட கட்டையா மனிதனா என்று தடுமாறுவது ஐயம். கயிற்றைப் பாம்பென்றே கண்டு ஓடுவது திரிபு. பெரியப்பா எதையும் சந்தேகிக்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. ஐயம் என்று ஒன்று இருந்திருந்தால் ஒருமுறையாவது எதிர்வீட்டு மாடியேறிப் பார்த்திருப்பார்.

மதிபிறழ்வு என்ற பொதுப்பொருள் கொண்ட கிரேக்கச் சொல் பாரனோயா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மன் வைத்தியர்கள் அதை ஒரு நோயின் பெயராக்கினார்கள். தெளிவான சிந்தனைக்கு நடுவே அசையாமல் நிற்கும், தன்னளவில் ஒழுங்கு குலையாத பிரமை என்று க்ரேப்பெலின் அதன் எல்லையைச் சுருக்கினார். ஃப்ராய்ட் கேட்டது வேறு கேள்வி: இந்த நிச்சயம் மனிதனை எதிலிருந்து காப்பாற்றுகிறது? 1895-ல் நண்பர் ஃப்ளீஸுக்கு அனுப்பிய குறிப்பிலேயே அவர் விடை தொடங்குகிறது. உள்ளே தாங்க முடியாத பழி வெளியே எறியப்படுகிறது, பிறகு பிறர் வாயிலிருந்து திரும்பி வருகிறது.

டிரெஸ்டன் மேல் நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்த ஷ்ரேபர் தம் நோயைப் பற்றித் தாமே எழுதி 1903-ல் வெளியிட்டார். உலகைப் புதுப்பிக்கக் கடவுள் தம்மைப் பெண்ணாக மாற்றுகிறார் என்பது அவருடைய நிச்சயம். ஃப்ராய்ட் அவரைச் சந்தித்ததில்லை. புத்தகத்தை மட்டும் படித்து 1911-ல் தம் கட்டுரையை எழுதினார். 'நான் அவனை நேசிக்கிறேன்' என்பதை மனம் ஏற்க மறுக்கிறது. அது 'நான் அவனை வெறுக்கிறேன்' என்றாகிறது. பிறகு எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறி 'அவன் என்னை வெறுக்கிறான்' என்று முடிகிறது. நாம் நோயென்று காணும் பிரமை, இடிந்துபோன தன் உலகை நோயாளி திரும்பக் கட்டிக்கொள்ளும் முயற்சி என்றும் அவர் சொன்னார்.

இந்த விளக்கத்தின் கச்சிதம் எனக்கு அச்சம் தருகிறது. எல்லாம் பொருந்துகிறது, மிச்சமே இல்லை. பாரனோயாவின் அடையாளமும் அதுதானே? ஃப்ராய்டுக்கே இது தெரிந்திருந்தது. தம் கோட்பாட்டில் பிரமை அதிகமா, ஷ்ரேபரின் பிரமையில் உண்மை அதிகமா என்பதை எதிர்காலம் தீர்மானிக்கட்டும் என்று கட்டுரையின் முடிவில் விட்டுவிடுகிறார்.

ஓர் எதிர்க்குரல் கல்கத்தாவிலிருந்து வந்தது. 1922-ல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய கிரீந்திரசேகர் போஸ் 1929-ல் ஃப்ராய்டுக்கு எழுதினார். பெண்ணாக வேண்டும் என்ற விருப்பம் இந்திய ஆண்களிடம் எளிதில் மேலெழுகிறது. ஆண்மை பறிக்கப்படும் என்ற மிரட்டலுக்கு வலு வருவதே அந்த விருப்பத்தால்தான் என்பது போஸின் வாதம். வேற்றுமை இருப்பதை ஃப்ராய்ட் ஒப்புக்கொண்டார். கோட்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை.

காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனால் போஸ் சொன்னது கொஞ்சம் விளங்கும். பகல் பத்தின் பத்தாம் நாள் நம்பெருமாளே நாச்சியார் திருக்கோலத்தில் எழுந்தருளுகிறார். ஆழ்வார்கள் நாயகியாக நின்று பாடிய பாசுரங்கள் அங்கே ஒலிக்கின்றன. டிரெஸ்டன் நீதிபதியை நோயாளியாக்கிய விருப்பத்துக்கு இங்கே நாள் உண்டு, கூட்டம் உண்டு. இதை வைத்து ஷ்ரேபரை பக்தர் என்பதும் ஆழ்வாரை நோயாளி என்பதும் ஒரே சோம்பேறித்தனம். பராங்குச நாயகியாகப் பேசிய நம்மாழ்வாருக்குத் தம் குரலுக்குத் திரும்பவும் முடிந்தது. ஷ்ரேபருக்குத் திரும்பும் வழி அடைபட்டிருந்தது.

1937-ல், முதுமையில், ஃப்ராய்ட் இன்னொன்று எழுதினார். பிரமைக்குள் உண்மையாகவே நடந்த ஒன்றின் துணுக்கு இருக்கிறது. நோயாளியோடு வாதாடுவதை விட்டு அந்தத் துணுக்கை ஒப்புக்கொள்வதிலிருந்து வைத்தியம் தொடங்கலாம். ஷ்ரேபரின் தகப்பனார் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார வார்களும் இரும்புச் சட்டங்களும் வடிவமைத்த டாக்டர். மகன் தன் உடலில் கடவுள் செய்ததாக எழுதிய வதைகளுக்கும் அந்தக் கருவிகளுக்கும் உள்ள ஒற்றுமையைப் பின்னால் வந்த ஆய்வாளர் நீடர்லாண்ட் எடுத்துக் காட்டினார்.

பெரியப்பாவின் துணுக்கு எது என்று எனக்குத் தெரியும். அந்த நாட்களில் அவர் பிள்ளைகளும் நானும் சமையலறையில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தோம். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுப்பது பற்றிய பேச்சு. "என்னைப் பத்தித்தானேடா பேசறீங்க?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல பெரியப்பா. நீங்களா நினைச்சுக்கறீங்க" என்றேன்.

எதிர்வீட்டைப் பற்றி அவர் எண்ணியது பொய். எங்களைப் பற்றி அறிந்தது மெய். பொய்யைத் திருத்தப் போன நான் மெய்யையும் நோயின் கணக்கில் எழுதிவிட்டேன். அவர் சொல்வது எதுவும் உண்மையாக இருக்காது என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். என்னை யாரும் டாக்டரிடம் அழைத்துப் போகவில்லை.

ஐயம் என்ற சொல்லுக்குத் தமிழில் பிச்சை என்றும் பொருள் உண்டு. "ஆமாம் பெரியப்பா, உங்களையும் வீட்டையும் பத்தித்தான் பேசினோம்" என்று சொல்லியிருந்தால் அவர் குணமாகியிருப்பார் என்று நான் நம்பவில்லை. ஜன்னல் அப்போதும் சாத்தியே இருந்திருக்கும். ஆனால் அவர் கேட்டார், என்னிடம் கொடுக்க இருந்தது, நான் கொடுக்கவில்லை.