சந்தேகிக்கத் தெரியாத வழிகாட்டி



பிரயாணம் புறப்படும் வீடுகளில் முன்பெல்லாம், “வழி தெரியுமா?” என்று கேட்பார்கள். இப்பொழுது, “போனில் சார்ஜ் இருக்கிறதா?” என்று கேட்கிறார்கள். கைபேசி வழி சொல்லிவிடும் என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். இந்த நம்பிக்கை நியாயமானதா? நியாயமானால், எதுவரை நியாயம்? இதைச் சிறிது ஆராய்வோம்.

ஒரு சாட்சியை நம்புவதற்கு இரண்டு காரியங்கள் வேண்டும். அவன் பொய் சொல்லாதவனாயிருக்க வேண்டும். தான் சொல்வதை அறிந்தவனாயும் இருக்க வேண்டும். கைபேசிக்கு நம்மை ஏமாற்றும் எண்ணம் கிடையாது. ஆனால் அது எதை அறிந்திருக்கிறது?

அது அளந்தறிவது, நாம் நிற்கும் இடத்தை மட்டுமே. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள், நேரத்தைக் குறித்து இடைவிடாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. குறைந்தது நான்கு கோள்களின் சமிக்ஞைகள் வந்துசேரும் நேரத்தைக் கணக்கிட்டு, கைபேசி தன் இடத்தைக் கண்டுகொள்கிறது. திறந்த வெளியில் இந்தக் கணக்கு சுமார் 5 மீட்டருக்குள் சரியாயிருக்கும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும், அடர்ந்த மரங்களின் கீழும் பிழை கூடும்.

பாதையைப் பற்றிய செய்தியோ வானத்திலிருந்து வருவதில்லை. அது மனிதர் தயாரித்த வரைபடம்; இணையத்தின் வழியாக வருகிறது. இணையம் எட்டாத இடத்தில், முன்கூட்டியே இறக்கி வைத்திராத வரைபடம் திரையில் வராது. வந்த வரைபடமும் பழசாயிருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். ஆகவே நிற்கும் இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு, போகும் வழியைப் பிழையாகச் சொல்வது அதற்குக் கூடும்.

இப்படி நடந்தும் இருக்கிறது. 2012 டிசம்பரில், ஆஸ்திரேலியாவில் மில்டுரா என்ற ஊருக்குப் புறப்பட்ட சிலரைக் கைபேசி வரைபடம் ஊரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, ஒரு தேசியப் பூங்காவின் நடுவே கொண்டுபோய் விட்டது. அங்கே தண்ணீர் கிடையாது. வெயில் 46 டிகிரி வரை ஏறக்கூடும். சிலர் 24 மணி நேரம் வரை உணவும் நீருமின்றித் தவித்தார்கள் என்று விக்டோரியா மாநிலக் காவல்துறை எச்சரித்தது. 2024 நவம்பரில், உத்தரப் பிரதேசத்தின் பரேலி மாவட்டத்தில், ராமகங்கை ஆற்றுப் பாலத்திலிருந்து கார் விழுந்து மூவர் இறந்தனர். பாலத்தின் ஒரு பகுதியை முன்பே வெள்ளம் கொண்டுபோயிருந்தது. வரைபடத்தில் அந்தச் செய்தி ஏறவில்லை. பொதுப்பணித்துறைப் பொறியாளர்கள் மீதும் வழக்குப் பதிவாயிற்று.

இறந்தவர்களைக் குறை கூறுவது நமக்குத் தகாது. உடைந்த பாலத்தைத் தக்கபடி அடைக்க வேண்டியவர்களுக்கும், வரைபடம் வெளியிடுகிறவர்களுக்கும் தத்தம் பொறுப்பு உண்டு. ஆனால் பிறருக்குப் பொறுப்பு இருப்பதனால், வண்டி ஓட்டுகிறவரின் பொறுப்பு குறைந்துபோவதில்லை. ஆலோசனை கேட்பது நல்லது. முடிவு செய்யும் கடமையையே ஒப்படைத்துவிடுவது நல்லதல்ல. பின் இருக்கையில் தூங்கும் குழந்தை கைபேசிக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

ஓர் ஊர்க்காரரிடம் வழி கேட்டுப் பாருங்கள். “நேரே போங்கள்; ஆனால் மழை பெய்திருக்கிறது, எதற்கும் அந்த டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்” என்பார். தம் அறிவு எங்கே முடிகிறதென்று அவருக்குத் தெரியும். கைபேசியோ நெடுஞ்சாலையில் எந்தக் குரலில் “வலது பக்கம் திரும்புங்கள்” என்கிறதோ, அதே குரலில்தான் பாழடைந்த வண்டிப்பாதையிலும் சொல்கிறது. சமிக்ஞை அற்றுப்போனால் அதைச் சொல்லும். பாலம் இடிந்து தன் வரைபடம் பொய்யாகிவிட்டது என்பதை எவரேனும் திருத்தும்வரை அது அறியாது. குரலின் உறுதியைக் கண்டு, அறிவும் உறுதியானதென்று நாம் எண்ணிவிடுகிறோம். அது சந்தேகப்படாது. ஆகவே சந்தேகிக்க வேண்டிய கடமை நம்மேல் விழுகிறது.

“அப்படியானால் கைபேசியைத் தூர எறிந்துவிட வேண்டுமா?” என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. அறியாத நகரத்தில் நள்ளிரவில் ஆஸ்பத்திரியைத் தேடுகிறவருக்கு அது பெரிய உபகாரம். அதற்குரிய மதிப்பைக் கொடுங்கள். அதற்கு மேல் கொடாதீர்கள். புறப்படுமுன் வழி முழுவதையும் ஒருமுறை பாருங்கள். ஆளற்ற பகுதிக்குப் போவதானால், வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள்; போதிய தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள். ஓட்டும்போது திரையைக் கவனிக்கும் வேலையைப் பக்கத்திலிருப்பவரிடம் விடுங்கள்.

பாதை குறுகி, சக்கரத் தடமும் மறைந்து, பக்கத்திலிருப்பவர், “இது சரியாகப் படவில்லையே” என்றால், வண்டியை நிறுத்துங்கள். ஆளைக் கண்டால் இறங்கிக் கேளுங்கள்; இல்லாவிட்டால் வந்த வழியே திரும்புங்கள். அரை மணி நேரம் நஷ்டமாகும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிள்ளைகளையும் இதில் பழக்குங்கள். “போன் அப்படித்தான் சொன்னது” என்று அவர்கள் சொல்லும்போது கோபிக்க வேண்டாம். “சரி, நீ கண்ணால் என்ன பார்த்தாய்?” என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.