கண்டோம் என்னும் சொல்

ஜவ்வாது மலையிலுள்ள காவலூர், 1986-ல் அங்கு நிறுவப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கியால் பெயர் பெற்றது. 1980-களில் அங்கேயே இந்திய விண்வெளி நிறுவனம் சோவியத் ஒத்துழைப்புடன் மற்றொரு பணியும் நடத்திற்று. தலைக்குமேல் செல்லும் செயற்கைக்கோளை நோக்கி லேசர் ஒளியை எய்து, அது பட்டுத் திரும்பும் நேரத்தால் தூரத்தை அளந்தார்கள். ஆயிரம் கிலோமீட்டர் உயரம் சென்று மீள, ஒளிக்கு ஒரு நொடியின் நூற்றைம்பதில் ஒரு பங்கே தேவை. எந்தக் கண் அதைக் காணும்?

இம்மலையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா நேர்கோட்டில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஆங்கு எழும் ராக்கெட்டின் தீயைக் கடற்கரையில் நின்று காண்பவருக்கும் சில நிமிடங்களே காட்சி. பி.எஸ்.எல்.வி. ராக்கெட் கோளை அதன் பாதையில் விடுவதற்கோ கால் மணிக்கு மேலாகும். அதன்பின் எல்லாம் செய்தியே. ராக்கெட் தன் அழுத்தத்தையும் வெப்பத்தையும் வானொலி அலைகளில் தானே சொல்லிக்கொண்டு போகும். ராடார்கள் அதன் இடத்தைச் சொல்லும். ஒரு நிலையத்தின் அடிவானில் அது மறையுமுன் அடுத்தது பற்றிக்கொள்ள வேண்டும். ஸ்ரீஹரிகோட்டா, போர்ட் பிளேர், புரூணை, மொரீசியசு என்று இந்நிலையங்கள் பரந்து கிடப்பது இதற்காகவே.

ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இது புதிதன்று. அறிவிப்பாளர் தொடரில் ஒருவர் விடுபட்டாலும் அது 'முன்கதிஃ', அறுந்த தொடர். அதனினும் நுட்பமானது 'தத்லீஸ்'. நேரில் கேளாததை, கேட்டதுபோல் தோன்றும்படி சொல்லுதல். 'எமக்கு அறிவித்தார்' என்னாமல் 'அவரிடமிருந்து' என மழுப்புவார் அறிவிப்பாளர். சொல்லில் பொய்யில்லை, ஆயினும் கேட்பவர் ஏமாறுகிறார். அதனால்தான் முஹத்திஸ்கள் அந்த ஒரு சொல்லையே பிடித்து ஆராய்ந்தார்கள். இவ்வளவு கண்டிப்பு வேண்டுமா என்று எம் மாணவர் சிலர் கேட்பதுண்டு.

2025 மே 18 அதிகாலை 5.59 மணிக்கு பி.எஸ்.எல்.வி. சி-61 எழுந்தது. பார்த்தவர் கண்ணுக்கு அது குறையற்ற ஏற்றம். முதல் இரு அடுக்குகளும் செவ்வனே இயங்கின. மூன்றாவது அடுக்கில் அழுத்தம் குறைந்தது, இ.ஓ.எஸ்.-09 கோள் பாதையை அடையவில்லை. அதைக் கண்டு சொன்னவை கண்களல்ல, எண்கள். நிறுவனத் தலைவர் அன்று காலையிலேயே, நேரலையிலேயே, பணி நிறைவேறவில்லை என அறிவித்தார். 'ராக்கெட் அழகாய் எழுந்தது' என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் அதுவும் உண்மையே. தத்லீஸ் செய்பவரின் உண்மை!

கண்டவர் பெரியவர், கேட்டவர் சிறியவர் என்று நாம் கருதவில்லை. தம் காட்சி எவ்விடத்தில் முடிந்தது, பிறர் சொல் எவ்விடத்தில் தொடங்கியது என்று பிரித்துச் சொல்பவரே சாட்சி. நம் இல்லங்களிலோ, ஒரு பெண்ணின் சம்பந்தம் முறிய 'சொல்கிறார்கள்' என்னும் ஒரு சொல் போதுமாயிருக்கிறது. சொல்கிறவர் யார் என்று எவரும் வினவுவதில்லை.

இருபத்தொன்பதாம் பிறை இரவில் தொலைபேசி ஒலிக்கும். 'இன்ன ஊரில் பிறை கண்டாயிற்று' என்பார்கள். ஊர்க் காஜியார் கேட்பது ஒன்றுதான்: "நீர் கண்டீரா, கேட்டீரா?"