பிதாவை வற்புறுத்தலாமா?



ஒரே காரியத்துக்காக மறுபடி மறுபடி ஜெபிப்பது அவிசுவாசமா? "நமக்கு என்ன வேணும்னு பிதாவுக்குத் தெரியாதா பிரதர்? ஒரு தடவை சொன்னா போதாதா?" என்று உபவாச ஜெபத்துக்கு வருகிறவர்களில் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். நாம் கேட்குமுன்னே பிதாவுக்குத் தெரியும் என்று மத்தேயு 6-ல் போதித்த அதே ஆண்டவர், லூக்கா 18-ல் விடாமல் கேட்ட விதவையின் உவமையையும் சொன்னாரே!

விசுவாசிகளின் வீடுகளில் நான் அடிக்கடி பார்க்கிற காட்சி ஒன்று உண்டு. அப்பா கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருப்பார். நாலு வயசுப் பிள்ளை விளையாடக் கூப்பிடும். "அப்புறம்மா" என்பார். பிள்ளை விடுமா? செருப்பைக் கொண்டுவந்து காலடியில் வைக்கும். பேனாவைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு சிரிக்கும். "அஞ்சு நிமிஷம்ப்பா... சரி, ரெண்டே நிமிஷம்!" என்று பேரம் பேசும்.

இதை ஏமாற்று என்று சொல்வோமா? ஏமாற்றுகிறவன் தன் நோக்கத்தை மறைப்பான். பிள்ளையோ ஒன்றையும் மறைப்பதில்லை. பக்கத்து வீட்டு மாமாவிடம் அது இப்படிச் செய்யாது. 'இவர் என் அப்பா' என்கிற உரிமைதான் அதை விடாமல் கேட்கவைக்கிறது. அந்த உரிமைக்குப் பெயர்தான் விசுவாசம்.

ஆதியாகமம் 18-ல் ஆபிரகாம் ஐம்பதில் ஆரம்பித்துப் பத்து வரைக்கும் ஆறு தடவை கேட்டான். கர்த்தர் ஒரு தடவைகூட அவனை அதட்டவில்லை. சோதோம் தப்பவில்லை, ஆனாலும் ஆபிரகாமை நினைத்து லோத்தைத் தப்புவித்தார். கெத்செமனேயில் நம் ஆண்டவரே மூன்று தரம் ஒரே காரியத்துக்காக ஜெபித்தார். முடிவையோ பிதாவின் கையில் விட்டார். வற்புறுத்திக் கேட்பது வேறு, கட்டாயப்படுத்துவது வேறு.

கேட்டுக்கொண்டே இருக்கிற பிள்ளையால் எந்த வீட்டுக்கும் கேடு வராது. கேட்பதையே நிறுத்திவிட்ட பிள்ளையைப் பார்த்துத்தான் பயப்படவேண்டும். 'அப்பா எப்பவும் பிஸி' என்று மூலையில் உட்கார்ந்துவிடும் பிள்ளையை, அடக்கமான பிள்ளை என்று நாம் மெச்சிக்கொள்கிறோம். உள்ளே அதன் நம்பிக்கை செத்துக்கொண்டிருப்பது நமக்குத் தெரிவதில்லை.

தேவபிள்ளையே, நீ எந்த ஜெபத்தை நிறுத்திவிட்டாய்? குடியை விடாத கணவருக்காகவா? சபையை விட்டுப்போன மகனுக்காகவா? இன்று இரவே முழங்காலில் நின்று மறுபடியும் கேள். அதற்கு முன்னே, உன் சேலையை, உன் சட்டையை இழுக்கிற அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டு ரெண்டு நிமிஷம் எழுந்து போ. பரம பிதா எப்படிப்பட்டவர் என்று உன் பிள்ளை முதன்முதலில் உன்னிடத்தில்தான் கற்றுக்கொள்ளுகிறது.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.