டப்பாவுக்குள் மது

சித்தேரி போன்ற மலைக் கிராமங்களில் உடைந்த மதுபாட்டில் சின்னத் தொல்லை அல்ல. சாமைக் காட்டில் களையெடுக்கக் குனிபவர் கையை அது கிழிக்கும். முறிந்த பாட்டிலின் கழுத்து மண்ணில் பாதி புதைந்து கிடந்தால், ஏர் ஓட்டும்போதுதான் தெரியும். அதற்குள் மாட்டின் குளம்பில் ஏறியிருக்கும். ஆகவே கண்ணாடிக்குப் பதில் காகித டப்பா என்ற யோசனையை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது.

2023இல் மதுவிலக்குத் துறை அமைச்சர் முத்துசாமி டாஸ்மாக்கில் 90 மில்லி டெட்ரா பாக்கெட், அதாவது இந்தக் காகித டப்பா, கொண்டுவருவது பற்றிப் பேசினார். குவார்ட்டர் வாங்கக் காசு போதாமல் ‘கட்டிங்’குக்குக் கூட்டாளி தேடி நிற்பவர்களை அவர் காரணம் காட்டினார். எதிர்ப்பு கிளம்பியது. கர்நாடகத்தில் இத்தகைய பாக்கெட் பல ஆண்டுகளாகவே விற்கிறது.

டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தால் சிக்கல் புரியும். பெட்டிக்கடையில் தொங்கும் மாம்பழ ஜூஸ் டப்பாவின் அதே அளவு, அதே பளபளப்பு. சட்டைப் பையில் அடங்கும், கீழே போட்டால் சத்தம் வராது. 2025 நவம்பரில் இரண்டு விஸ்கி நிறுவனங்களின் வணிகப் பெயர் வழக்கில் இந்த டப்பாக்களைப் பார்த்த உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் இவற்றைப் பள்ளிக்கே கொண்டுபோக முடியுமே என்று கவலைப்பட்டது. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. கடையில் வயதைக் கேட்கலாம். பைக்குள் போன டப்பாவை யார் கேட்பது?

உலகெங்கும் ஒயின் நிறுவனங்கள் இளைஞர்கள் விலகிப்போவதைக் கண்டு உறையை மாற்றிக்கொண்டிருக்கின்றன. ‘19 கிரைம்ஸ்’ என்ற ஒயினின் லேபிளில் உள்ள கைதியின் படத்தைக் கைப்பேசியில் காட்டினால் அவர் பேசத் தொடங்குவார். நம் நாட்டு சூலா நிறுவனமும் கேனில் ஒயின் தந்தது. கண்ணாடியைவிட எடை குறைவு, கரியமிலச் சுமையும் குறைவு என்ற வாதம் உண்மைதான். ஆனால் வண்ணமும் வேடிக்கையும் சுற்றுச்சூழலுக்காக வந்தவை அல்ல, புதிதாக ஒருவரைக் குடிக்கப் பழக்க வந்தவை. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி விற்பதுதான் அறத்துக்குப் புறம்பானது.

டப்பாவுக்கு ஆதரவான வலுவான வாதம் வேறொன்று. சித்தேரிக்குக் கிழக்கே கல்வராயன் மலை; அதன் அடிவாரக் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மலிவான, முத்திரையிட்ட சிறு பாக்கெட் கிடைத்திருந்தால் சிலராவது பிழைத்திருக்க மாட்டார்களா என்ற கேள்வி நெஞ்சை அறுக்கிறது. ஆனாலும் அவர்களைச் சாராயத்திடம் தள்ளியது விலை. டப்பாவின் கவர்ச்சி அந்த ஏழைகளுக்குத் தேவைப்படவில்லை. அது இன்னும் குடிக்காத பையனைத்தான் தேடிப் போகும்.

கண்ணாடித் தொல்லைக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் வற்புறுத்தலால் 2022இல் நீலகிரியில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் தந்தால் திருப்பித் தரும் முறை வந்தது. பிற மாவட்டங்களுக்கும் பரவியது. சிகரெட் பெட்டியில் 85 விழுக்காடு எச்சரிக்கைப் படத்துக்கு ஒதுக்க முடிந்த நாட்டில், மது டப்பா வந்தே தீரும் என்றால் பழப்படமும் பளபளப்பும் இல்லாத வெற்று உறையில் மட்டுமே அதை அனுமதிக்க வேண்டும். அதற்கு அரசு தயாராக இல்லையென்றால், டப்பாவே வேண்டாம்.