அடிப்பிடித்த பாத்திரம்

இரவு பத்து மணி. தொட்டியில் பால் அடிப்பிடித்த பாத்திரம். கூடத்தில் இணையரும் மகனும் கைபேசி பார்க்கிறார்கள். நாளைய வகுப்புக்கு நான் இன்னும் குறிப்பெடுக்கவில்லை. தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான், பாத்திரம் கழுவும்போது பாத்திரம் கழுவுவதற்காகவே கழுவுங்கள் என்கிறார். இளம் துறவியாக, சோப்பில்லாத மடாலயத்தில் சாம்பலும் உமியும் தேங்காய் நாரும் கொண்டு நூறு பேரின் பாத்திரங்களைத் தேய்த்தவர் அவர்.

நானும் முயன்றேன். பலன் இருந்தது. நாரின் சொரசொரப்பு, தண்ணீரின் குளிர்ச்சி, மூச்சு. எரிச்சல் தணிந்தது. சந்தேகம் அங்கேதான் வந்தது. என் எரிச்சல் தணிவதால் யாருக்கு வசதி?

1237இல் ஜப்பானிய ஜென் குரு டோகென் மடாலயச் சமையல்காரருக்கென்றே ஒரு நூல் எழுதினார். அங்கே சமையல் பொறுப்பு மதிப்புமிக்க பதவி. துறவிக்கு அது பயிற்சி. வீட்டில் பெண்ணுக்கு அது பிறவிக்கடன். ஒரே வேலைதான், பெயர்தான் வேறு. பௌத்த பிக்குணிகளின் பாடல் தொகுப்பான தேரிகாதையில் முத்தா என்ற பிக்குணி, உரலையும் உலக்கையையும் கணவனையும் விட்டு விடுதலையானதைக் கொண்டாடுகிறார். கவனத்தோடு நெல் குத்தினேன் என்று அவர் பாடவில்லை.

இந்தக் கவனத்துக்குப் பாலியில் 'சதி' என்று பெயர். தமிழ்க் காதுக்குச் சூழ்ச்சியாகக் கேட்கிறது. பெண்ணுக்கு மட்டும் போதிக்கப்பட்டால் அது சூழ்ச்சியேதான். பொறுமைக்கு வைத்த புதுப் பெயர். ஆனால் புத்தரின் போதனை எரிச்சலை அமுக்கச் சொல்லவில்லை. சதிபட்டான சூத்திரம், வெறுப்புள்ள மனத்தை வெறுப்புள்ள மனமாகவே அறியச் சொல்கிறது. கையைக் கவனிப்பவள் கோபத்தையும் கவனிக்க வேண்டும். அது எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். எனக்கு அது பாத்திரத்திலிருந்து வரவில்லை, கூடத்திலிருந்து வந்தது.

கை துடைத்துக்கொண்டு போய்ச் சொன்னேன்: "ராத்திரிப் பாத்திரத்துக்கு இனிமே ஆளுக்கொரு நாள்."

"முன்னாடியே சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே" என்றார் இணையர்.

சொல்வதும் ஒரு வேலைதான். இத்தனை வருடமாக அதுவும் என் கணக்கில் இருந்திருக்கிறது. குரல் உயர்த்தாமல் அதையும் சொன்னேன். கோபம் தெளிவாகத் தெரிந்துவிட்டால் கத்தத் தேவையில்லை.

இன்று மகனின் முறை. கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தின் அடியில் கறை அப்படியே இருக்கிறது. எடுத்து மறுபடி தேய்க்கத் துடிக்கும் என் கையைக் கவனித்துக்கொண்டு நிற்கிறேன்.